பொதுநூலகமும் புதுக்கருவிகளும்: பெருமுக்கல் முதலாய சிற்றூர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் செல்லும் வழியில் அமைந்துள்ளது பெருமுக்கல் என்னும் ஊர். ஊருக்கு அடையாளமாய் நிற்பது அதன் மலை. மலைமேல் முத்தியாசலேசுவரர் கோயில் உள்ளது. அதன் சுவர்களிற் சோழர் காலத்தன உள்ளிட்ட கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீதை குகை என மக்கள் வழங்கும் பகுதியிற் பழங்கால மாந்தர் பாறையிற் கீறிய உருவங்கள் காணப்படுகின்றன. ஆகவே, செய்தியைப் பதிந்துவைக்கும் கலையின் பழைய படிகள் இரண்டனை இம்மலை ஒன்றிலேயே காணலாம்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அம்மலையடியில் வாழும் ஒருவர் தம் தலைக்கு மேலுள்ள கல்வெட்டு யாது கூறுகின்றது என்பதனை அறிய விரும்பினால், மலையேறிப் பார்த்தல் மட்டும் போதாது. பழைய எழுத்து இன்றைய எழுத்தினின்று வேறுபட்டது, கல்லும் தேய்ந்திருக்கும். கல்வெட்டறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மையிட்டு எடுக்கும் மைப்படியும், அம்மைப்படியைப் படித்து வெளியிட்ட அச்சுத் தொகுதியும் அவருக்கு வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிவரிசையின் முதல் மடலம் 1890-இல் வெளிவந்தது. தமிழகத்துக் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் வைத்துக் காக்கப்பட்டன. கல் பெருமுக்கலில் இருக்க, அதன் பொருளை அறியும் வாயில் நெடுந்தொலைவில் அமைந்துவிட்டது.

இவ்விடைவெளியை இன்று கடத்தல் எளிது. அச்சுத் தொகுதியை ஒளிப்படமாக்கிக் கணிப்பொறி வழியே எவ்வூருக்கும் அனுப்பலாம். அங்ஙனமாயின், பொதுநூலகம் புதுக்கருவிகளை ஏற்க வேண்டுமா என்னும் வினாவிற்கு இடமே இல்லை, ஏற்கத்தான் வேண்டும். எவற்றை முதலில் ஏற்பது, எம்முறையில் ஏற்பது, எவற்றைக் கைவிடாதிருப்பது என்பனவே ஆராயற்பாலன. பெருமுக்கல் போன்றதோர் ஊரில் வாழும் படிப்பவரை மனத்தில் நிறுத்தி, இவ்வினாக்களை யாம் ஈண்டு ஆராய்வோம்.

1. பொதுநூலகத்தின் கடப்பாடு

இந்தியாவிற் பொதுநூலகத்திற்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் சென்னை மாநிலமே. சென்னைப் பொதுநூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறி 1950-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு அடித்தளம் இட்டவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவர். அவர் 1924-இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆயினார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். சட்டத்தின் வழி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என இன்று தமிழகத்தில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் உள்ளன.

இவ்வரியின் இயல்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். நூலகத்திற்குள் ஒருநாளும் அடிவைக்காத வீட்டுக்காரரும் இதனைச் செலுத்துகின்றார். தலைநகரிலுள்ளாரும் செலுத்துகின்றனர், சிற்றூரிலுள்ளாரும் செலுத்துகின்றனர். ஆதலின், இப்பணத்தால் வாங்கும் கருவி எதுவாயினும், அதன் பயன் சிற்றூரிலுள்ளாரையும் சென்றடைதல் வேண்டும் என்பது அறமும் ஆகும். சட்டத்தின் உட்கிடையும் ஆகும்.

சட்டம் தோன்றுமுன்னரே இதற்கொரு முன்மாதிரி உண்டு. 1931 அக்டோபர் 21-ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனை அமைத்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர். வண்டி புதிதன்று, மாடும் புதிதன்று, நூற்பேழையும் புதிதன்று. இம்மூன்றனையும் இணைத்து, நூலைத் தேடி மக்கள் வரும் நிலையை மாற்றி, மக்களைத் தேடி நூல் செல்லும் நிலையை உண்டாக்கியதே புதுமை. கருவி எத்துணைப் புதியது என்பதனினும், அஃது எவருடைய வழியைக் குறுக்கிற்று என்பதே மதிப்பிடும் அளவுகோல் என்பதனை இம்மாட்டுவண்டி நமக்குக் காட்டுகின்றது.

2. கருவிக்கு முன் தேவை

புதிய கருவி நூலகத்திற்குள் வரும் வழி இரண்டு. ஒன்று, படிப்பவர்க்கு நேரும் இடர் ஒன்றனைக் கண்டு, அதனைப் போக்கும் கருவியை நாடுதல். மற்றொன்று, கருவி ஒன்று விற்பனைக்கு வந்திருத்தலைக் கண்டு, அதற்கேற்ற வேலையைத் தேடுதல். முன்னையது முறை, பின்னையது முறைமாற்று. எனினும் நடைமுறையிற் பின்னையதே மிகுதியாக நிகழக் காண்கிறோம். நிதியாண்டின் இறுதியில் எஞ்சிய தொகைக்குக் கணிப்பொறிகள் வாங்கப்பட்டு, உறை நீக்காமலே ஒரு மூலையில் இருந்த காட்சியை யாமே ஒரு நூலகத்திற் கண்டதுண்டு. அங்கு நூலகரைக் குறைகூறிப் பயனில்லை. எதற்கென்று வினவாமல் வந்த கருவியை எதற்கென்று பயன்படுத்துவது?

அரங்கநாதனின் நான்காம் விதி, படிப்பவரின் காலத்தைக் காக்க வேண்டும் என்னும் பொருளது. இவ்விதியைக் கருவிக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்று வினாக்கள் தோன்றும். இக்கருவியால் எவருடைய காலம் மிஞ்சும்? படிப்பவருடையதா, நூலகருடையதா, கணக்குக் கேட்கும் அலுவலகத்தினுடையதா? மிஞ்சிய காலம் எவ்வழியிற் செலவாகும்?

சான்றாக ஒன்று கூறுவோம். பெரு நூலகங்களில் நூலின் உட்புறத்தே சிறு வானலைச் சில்லு ஒன்றை ஒட்டி, நூல் வழங்கலையும் திரும்பப் பெறுதலையும் எந்திரமே செய்யுமாறு அமைக்கின்றனர். நாடோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துசெல்லும் நூலகத்தில் இது தக்கதே. வரிசையில் நிற்கும் காலம் குறையும். ஒரு நாளிற் சிலரே நூல் பெறும் ஊர்ப்புற நூலகத்திலோ வரிசை என்பதே இல்லை. அங்குப் படிப்பவரின் இடர் நூல் பெறுதற்கண் இல்லை. வேண்டிய நூல் அங்கு இல்லாமையிலும், அஃது எங்குள்ளது என அறியாமையிலுமே உள்ளது. ஒரே கருவி ஓரிடத்தே தேவையாகவும் மற்றோரிடத்தே வீண்செலவாகவும் அமைவது இதனாலேயே. எல்லா நூலகத்திற்கும் ஒரே பட்டியலின்படி ஒரே கருவியை வாங்கியளித்தல் சமநீதி போலத் தோன்றினும், உண்மையிற் சமநீதி ஆகாது.

3. நூற்பட்டியலே முதற்கருவி

அங்ஙனமாயின் சிற்றூர்ப் படிப்பவர்க்கு முதலில் வேண்டுவது யாது? ஒன்றுபட்ட நூற்பட்டியலே என்பது எம் துணிபு.

திண்டிவனம் போன்ற நகரின் கிளை நூலகத்தில் எந்நூல் உள்ளது, விழுப்புரத்து மாவட்ட மைய நூலகத்தில் எந்நூல் உள்ளது, சென்னைக் கன்னிமரா நூலகத்தில் எந்நூல் உள்ளது என்பதனைப் பெருமுக்கலிலிருந்தே ஒருவர் அறியக்கூடுமாயின், அவருடைய நூலகம் ஓரறை நூலகமாக இராது. மாநிலம் முழுவதும் பரந்த நூலகத்தின் ஒரு வாயில் ஆகிவிடும். கன்னிமரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. 1950-இல் மாநில மைய நூலகம் ஆயிற்று. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்நாட்டில் அச்சாகும் நூலின் படியைப் பெறும் உரிமையும் உடையது. அங்கு ஒருமுறை செவ்விதின் எழுதிய நூற்குறிப்பை மற்ற நூலகங்கள் யாவும் படியெடுத்துக் கொள்ளலாம். ஒரே நூலுக்கு நான்காயிரம் இடங்களில் நான்காயிரம் முறை குறிப்பெழுதும் வீணுழைப்பு நீங்கும். கணிப்பொறி நூலகத்திற்கு அளிக்கும் நன்மைகளுள் இதனிற் பெரியது வேறில்லை.

ஆயினும் அப்பட்டியல் தமிழ் எழுத்தில் அமைதல் இன்றியமையாதது. தமிழ் நூற்பெயர்களை உரோமன் எழுத்திற் பதியும் வழக்கம் கணிப்பொறி வந்த தொடக்க காலத்திற் பரவிற்று. அதனால் விளையும் மயக்கத்தைச் சிறிது நோக்குவோம். வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் பொருளால் வேறானவை. குறியீடு இல்லாத உரோமன் எழுத்தில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்றாவதனை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதுவர். அரமும் அறமும் வேறுபடா. மணமும் மனமும் வேறுபடா. தமிழின் ஒலிவேறுபாட்டைக் காட்டாத பட்டியலில் தமிழ் நூலைத் தேடுதல், இருட்டறையிற் கைத்தடவித் தேடுதலை ஒக்கும்.

ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். பெருமுக்கல் மலைமேல் ஒரு கோட்டை இருந்தது. கருநாடகப் போர்க் காலத்தில், 1760-இல், கூட் என்னும் படைத்தலைவரின் கீழ் ஆங்கிலேயர் அதனைப் பிரஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். இச்செய்தியைக் கூறும் ஆங்கில நூல்களில் பெருமுக்கல் என்னும் பெயரைக் காண இயலாது. பெர்மாகாயில் என்பது போன்ற வடிவையே காணலாம். முக்கல் கோயிலாக மாறிவிட்டது. தம் ஊர் வரலாற்றை எழுத விழையும் மாணவர் ஒருவர் பெருமுக்கல் என்னும் சொல்லைக்கொண்டு மட்டும் தேடினால் இப்போரினைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்றே முடிவுகட்டுவார். பெர்மாகாயில் எனின் பெருமுக்கல் காண்க என ஒரு வழிகாட்டுக் குறிப்பைப் பட்டியலிற் சேர்த்தல் எந்திரத்தால் இயல்வதன்று. ஊரையும் வரலாற்றையும் மொழியையும் அறிந்த நூலகராலேயே இயலும். அங்ஙனம் ஒருவர் ஒருமுறை சேர்த்த குறிப்பை எல்லா ஊர்க்கும் கொண்டுசெல்லுதல் எந்திரத்தின் பணி. இருவர் பணியும் வேறு. ஒருவர்க்கு மற்றவர் மாற்றாகார்.

4. நுழையும் வழியும் வெளியேறும் வழியும்

கருவி வாங்குங்கால் அதன் விலையையும் விரைவையும் வினவுகின்றோம். பத்தாண்டு கழித்து அதனைக் கைவிட நேரின், அதனுட் புகுத்திய செய்திகளை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள இயலுமா என்பதனை வினவுவார் அரியர். எம் கருத்தில் இதுவே தலையாய வினா.

தமிழுலகம் இதனைப் பட்டறிவால் உணர்ந்துள்ளது. கணிப்பொறியில் தமிழ் புகுந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியேற்றம் உடையதாயிருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999-இற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு குறியேற்றத்திற்கும் விசைப்பலகைக்கும் தரம் வகுத்தது. பின்னர் 2010-இல் ஒருங்குறியினையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தினையும் தரமாக அறிவித்தது. இவற்றிற்கு முன் தனிக் குறியேற்றத்திற் பதியப்பட்ட பட்டியல்கள் மாற்றப்பட்டால் அன்றிப் பயன்படா. உழைத்துப் பதிந்தவர் உழைப்பு வீணாதற்குக் காரணம் அவர் சோம்பல் அன்று. வெளியேறும் வழி இல்லாத கருவியே.

பிறநாட்டுச் சான்று ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதப்பட்ட நிலக்கணக்குச் சுவடி டூம்சுடே எனப்படும். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இற் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் மக்கள் வாழ்வைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஒளித்தட்டுகளிற் பதிந்தது. பதினைந்தாண்டு கழியுமுன்னரே அத்தட்டுகளைப் படிக்கும் எந்திரம் வழக்கொழிந்தது. அறிஞர் சிலர் முயன்று செய்திகளை மீட்க வேண்டியதாயிற்று. தோற்சுவடியை இன்றும் கண்ணாற் படிக்கலாம். புதியதாதலின் நெடிது நிற்கும் எனக் கொள்ளுதல் கூடாது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று இல்லை.

இதற்கு மாறாக, நற்சான்று ஒன்றும் உண்டு. நியூசிலாந்தின் ஓரோவெனுவா என்னும் நாட்டுப்புற வட்டாரத்து நூலகத்தார், தாம் கையாண்ட பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என 1999-இல் அறிந்தனர். விலைமிக்க மென்பொருளை வாங்கும் வசதி அவர்க்கில்லை. ஆதலின் தமக்கென ஒன்றை எழுதுவித்து 2000 சனவரியிற் பயன்படுத்தத் தொடங்கினர். அதனை யாவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் உரிமை அளித்துக் கோகா எனப் பெயரிட்டனர். மாவோரி மொழியில் அச்சொல் கொடை எனப் பொருள்படும். இன்று இந்தியாவிலும் பல நூலகங்கள் அதனைக் கையாளுகின்றன. பெருநகர் நூலகம் செய்யாததை நாட்டுப்புற நூலகம் செய்தது. தன் தேவையைத் தானே அறிந்தமையும், பிறர் கட்டுப்பாட்டிற்குத் தன் பதிவேட்டை ஒப்படைக்காமையுமே அதன் வெற்றிக்குக் காரணங்கள்.

மின்னூல் வாங்குவதிலும் இதே கருத்துப் பொருந்தும். அச்சு நூலை விலைகொடுத்து வாங்கிய நூலகம் அதனை உடைமையாகப் பெறுகின்றது. பல்லாண்டுகள் இரவல் தரலாம். மின்னூல் பெரும்பாலும் ஆண்டு வாடகைக்கே தரப்படுகின்றது. வாடகை நின்றால் நூலும் நின்றுவிடும். ஆதலின், நூல் வாங்கும் தொகையை எடுத்து மின்னூல் வாடகைக்கு மாற்றுமுன், ஐந்தாண்டு கழித்து நூலகத்தில் எஞ்சுவது யாது எனக் கணக்கிடல் வேண்டும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள், உரிமைக் காலம் கடந்த நூல்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்வச்சம் இல்லை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகையன பல விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஊர்ப்புற நூலகத்தின் பட்டியலிலேயே இடம்பெறச் செய்து, படிக்கும் முறையை வருவார்க்கு நூலகர் காட்டிக்கொடுத்தல் பெருஞ்செலவின்றிக் கூடுவதாம்.

5. புதியது வரப் பழையதை நீக்குதல்

புதிய படிவம் கிடைத்தவுடன் பழைய நூலைக் கழித்துவிடலாம் என்னும் எண்ணம் இடமின்மையால் தோன்றுவது. இடர் உண்மையே, எனினும் விரைவு கூடாது. நுண்படச்சுருள் வந்த காலத்து மேலைநாட்டு நூலகங்கள் சில, செய்தித்தாள்களைப் படமெடுத்தபின் மூலத்தாள்களை நீக்கின. பின்னர்ப் படத்தில் மங்கிய பக்கமும் விடுபட்ட பக்கமும் கண்டபொழுது, ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை.

தமிழகத்தில் ரோசா முத்தையா நூலகம் வேறு வழியைக் காட்டிற்று. கோட்டையூரில் முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகம் பெற்றது. ஆயினும் அவை கடல் கடக்கவில்லை. 1994-இற் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்கப்பட்டன. நுண்படமும் பின்னர் மின்படமும் எடுக்கப்பட்டன, மூலமும் காக்கப்பட்டது. படிவம் பயணம் செய்தது. மூலம் பிறந்த மண்ணில் தங்கிற்று.

மூலம் ஒன்றே போதும் எனலும் பொருந்தாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதனவும் இருந்தன. 2005-இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டி மின்படமாக்கி வருகின்றது. கல்லும் உடைபடும், ஏடும் எரியும், தட்டும் வழக்கொழியும். ஆதலின் மூலத்தைக் காத்தலும், படிவத்தைப் பல இடங்களிற் பெருக்கி வைத்தலும் ஒன்றற்கொன்று துணையாம்.

6. படிப்பவர் மறைவைக் காத்தல்

பலரும் கருதாத ஒன்றனையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பழைய முறையில் நூல் வழங்குங்கால், நூலின் அட்டையை எடுத்துப் படிப்பவரின் சீட்டில் செருகிவைப்பர். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்குச் செல்லும். சீட்டு அவர் கைக்குச் செல்லும். யார் எந்நூலைப் படித்தார் என்பதற்கு அச்சீட்டுகளில் அடையாளம் எஞ்சாது. அம்முறையை வகுத்தோர் கருதியோ கருதாமலோ, படிப்பவரின் மறைவு அதிற் காக்கப்பட்டது. கணிப்பொறியோ மறத்தலை அறியாது. நோயைப் பற்றியோ, சமயத்தைப் பற்றியோ, அரசியலைப் பற்றியோ ஒருவர் எடுத்த நூலின் பெயர் பல்லாண்டுகள் அதில் நிற்கும். சிற்றூரில் யாவரும் யாவரையும் அறிவர். அங்கு இஃது இன்னும் நுண்ணிய செய்தி. நூல் திரும்பியதும் பெயரையும் நூலையும் இணைக்கும் குறிப்பு அழியுமாறு அமைத்தலை மென்பொருள் வாங்கும்பொழுதே ஒப்பந்தத்திற் சேர்த்தல் வேண்டும். பழைய முறையின் குறையை நீக்கும் புதுக்கருவி அதன் நிறையையும் நீக்கிவிடலாகாது.

7. செலவும் ஆளும்

கருவி வாங்கும் செலவு ஒருமுறையது. பேணும் செலவு ஆண்டுதோறும் வருவது. முன்னதற்கு விழா உண்டு. பின்னதற்கு விழா இல்லை. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. நோக்கம் உயரியது. ஆயினும் நாளடைவில் அவற்றுட் பல பூட்டிக் கிடந்ததனையும், பின்னர்ப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று என்பதனையும் நாட்டோர் அறிவர். கட்டடம் எழுப்பும் பணம் இருந்தது; நாள்தோறும் கதவு திறக்கும் ஆளுக்கும், ஆண்டுதோறும் நூலுக்கும் உரிய ஏற்பாடு நிலைபெறவில்லை. கட்டடத்திற்கு நேர்ந்தது கணிப்பொறிக்கும் நேரும். மின்சாரம், இணைய இணைப்பு, பழுதுபார்த்தல், பயிற்சி ஆகியவற்றிற்கு ஐந்தாண்டுச் செலவை முன்னரே ஒதுக்கிய பின்னரே வாங்கும் ஆணை பிறத்தல் வேண்டும்.

பயிற்சி என்பது ஒருநாட் கூட்டம் அன்று. ஊர்ப்புற நூலகர் பெரும்பாலும் தனியொருவர். நூல் வழங்குபவரும், செய்தித்தாளை அடுக்குபவரும், கணக்கு எழுதுபவரும் அவரே. அவரிடம் புதிய பணி ஒன்றை ஒப்படைக்குங்கால் பழைய பணி ஒன்றனைக் குறைத்தல் வேண்டும். பதிவேட்டிலும் எழுதுக, கணிப்பொறியிலும் பதிக என்றால், கருவி அவர் காலத்தைக் காவாது; இருமடங்காகச் செலவழிக்கும்.

8. ஒரு தடையும் விடையும்

இங்ஙனமெல்லாம் ஆராய்ந்து கொண்டிருந்தால், நகரத்தார் முன்னேற நாட்டுப்புறத்தார் பின்தங்குவரே என்பார் உளர். இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. 2010-இற் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையிற் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் புதுக்கருவிகளோடு திறக்கப்பட்டன. அவை போற்றத்தக்கன. ஆனால் அரசுத் தேர்வுக்குப் பயிலும் பெருமுக்கல் இளைஞர் நாள்தோறும் சென்னைக்குச் செல்ல இயலுமா? அவர்க்கும் தாமதம் ஓர் இழப்பே. பொறுத்திருத்தல் என்பது பிறர் பொருளைக் கொண்டு பொறுத்திருத்தல் ஆகிவிடலாகாது.

எனவே யாம் கூறுவது தாமதம் அன்று, வரிசைமுறை. முதலாவது, மாவட்ட மைய நூலகத்தில் தமிழ் எழுத்தில், பொதுத்தரக் குறியேற்றத்தில், ஒன்றுபட்ட பட்டியலை உருவாக்குக. இரண்டாவது, ஊர்ப்புற நூலகத்தில் ஒரு கணிப்பொறியும் இணைப்பும் தந்து, அப்பட்டியலைத் தேடவும் விலையில்லா மின்னூல்களைப் படிக்கவும் வழிசெய்க. மூன்றாவது, பட்டியலிற் கண்ட நூலை வேண்டுவார்க்கு மாவட்டத் தலைநகரிலிருந்து கிளை நூலகத்திற்கும், அங்கிருந்து ஊர்ப்புற நூலகத்திற்கும் கிழமைக்கு ஒருமுறையேனும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்க. மாட்டுவண்டியின் இடத்தைப் பேருந்து கொள்ளட்டும். நான்காவது, ஒரு கிளையிலும் அதனைச் சார்ந்த சில ஊர்களிலும் ஓராண்டு நடத்திப் பார்த்து, எத்தனைபேர் வேண்டிய நூலைப் பெற்றனர், எத்தனை நாளிற் பெற்றனர், எவர் பெறாது திரும்பினர் எனக் கணக்கெடுத்த பின்னரே மாவட்டம் முழுமைக்கும் விரிக்க. பெறாது திரும்பியவர் கணக்கே மற்றக் கணக்குகளினும் பயன்தருவது. ஐந்தாவது, இவை நிலைபெற்ற பின்னர் ஏனைய கருவிகளைக் கருதுக.

அண்மையிற் பரவிவரும், வினாவிற்குத் தானே விடை புனைந்து தரும் எந்திரங்களையும் இவ்வரிசையின் இறுதியிலேயே வைப்போம். அவை தரும் விடை சிலபோது செம்மையாகவும், சிலபோது பிழையாகவும், இருபோதும் ஒரே உறுதியோடும் அமைகின்றது. நூலகத்தின் கடமை விடையோடு முடிவதன்று. அவ்விடைக்குரிய மூலத்தைக் காட்டுதலும் அதன் கடமையாம். மூலத்திற்கு அழைத்துச் செல்லும் அளவிற்கே அவற்றிற்கு நூலகத்தில் இடம் உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கூறின், பொதுநூலகம் ஏற்கும் கருவி இரண்டு தேர்வுகளில் தேறுதல் வேண்டும். கடைக்கோடி ஊரில் வாழும் படிப்பவரின் வழியை அது குறுக்குதல் ஒன்று. அதனைக் கைவிடும் நாளில் நூலகத்தின் பதிவுகள் குறையாது நூலகத்திடமே எஞ்சுதல் மற்றொன்று. முதல் தேர்வில் தேறாதது அணிகலன். இரண்டாவதில் தேறாதது தளை.

மீண்டும் பெருமுக்கல் மலைக்கு வருவோம். அதன் கல்வெட்டைப் பொறித்தவன் தன் காலத்துக்கு ஏற்ற கருவியாக உளியைக் கைக்கொண்டான். ஊரார் யாவரும் வந்துசெல்லும் கோயிற் சுவரில், ஊரார் மொழியில், நெடுங்காலம் நிற்குமாறு பொறித்தான். நம் காலத்துக் கருவிக்கு உளியின் நிலைபேறு இல்லை. ஆயின் உளிக்கு இல்லாத விரைவும் பரப்பும் உண்டு. அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் தன் நூலகத்தில் அமர்ந்து, தான் விளையாடும் மலையின் பெயரைத் தமிழில் தட்டி, அதன் கல்வெட்டுச் செய்தியைத் தொகுதியிற் கண்டு, பின்னர் மலையேறி அக்கல்லைத் தொட்டுப் பார்க்கும் நாள் வருமாயின், புதுக்கருவி தன் வேலையைச் செய்ததென அறியலாம். அந்நாள் வரும்வரை, நூலகங்களிற் கருவிகள் எத்துணை உள்ளன என எண்ணுதலை விடுத்து, அவை எவரைச் சென்றடைந்தன என எண்ணுதலே தகுதியாம்.